சிறு குண்டுகளும் ஒரு துளிக் கிறீஸும்

கிறீஸ் என்ற சொல் இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளின் தலைப்புச் செய்தியாக இருந்த காலம் ஒன்று உண்டு. 2011ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், உடலெங்கும் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவில் நடமாடுகின்றனர் என்ற பீதி மலையகத்திலும் கிழக்கிலும் வடக்கிலும் பரவியிருந்தது. அதற்கு முன்னும் பின்னும் கிறீஸ் எங்கள் செய்தியில் இடம்பெறுவது சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களில்தான். வழுக்குமரத்தில் பூசப்படும் பொருள் அது. பூசினால் வழுக்கும், பிடி கிடைக்காது என்பதற்கு மேல் அதைப்பற்றி அறிய வேண்டியது ஏதும் இருப்பதாகப் பொதுவாக எவரும் எண்ணுவதில்லை.

அதற்குரிய நல்ல தமிழ்ச்சொல்லையும் நாம் வேறிடத்திற்கு மாற்றிவிட்டோம். வைக்கோற் கரியையும் ஆமணக்கெண்ணெயையும் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்குப் பூசிய மையையே முன்னோர் மசகு என்றனர். ஆனால் எங்கள் செய்திமேசையில் மசகு எண்ணெய் என்றால் பீப்பாய்க் கணக்கில் விற்கப்படும் நிலத்தடி எண்ணெய். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் கச்சா எண்ணெய் என்று எழுதுவதை நாங்கள் மசகு எண்ணெய் என்றே எழுதிப் பழகிவிட்டோம். ‘மசகு எண்ணெயின் விலை உயர்வு’ என்று எத்தனை தலைப்புகளுக்குப் பக்கம் ஒதுக்கியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆகவே இக்கட்டுரையில் கிறீஸைக் கிறீஸ் என்றும், தாங்கியைப் பட்டறைகளில் வழங்குவதுபோல் பெயாரிங் என்றும் எழுதுகின்றேன்.

இதை எழுத நேர்ந்ததற்குக் காரணம் என் தங்கையின் மகன். ஓய்வு நாட்களில் மாதிரி ஹெலிகொப்டர் பறக்கவிடுபவன். கனடாவிலுள்ள உறவினர் ஒருவர் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த இயந்திரம் அவனிடம் இருக்கின்றது. இறக்கைத் தகடு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 700 மில்லிமீற்றர் நீளமானது. விளையாட்டுப் பொருள் என்று சொல்லக்கூடிய அளவு அதற்கில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்திற்கும் கொழும்புக்கும் இடையிலுள்ள வத்தளையில் அதை வானில் ஏற்றுவது நினைத்தும் பார்க்கக்கூடாத காரியம். ஆளில்லா வான்கலங்கள் தொடர்பில் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகள் உள்ளன. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுத் தாக்குதல்களை அடுத்து அவை பறப்பது முற்றாகவே சிலகாலம் இடைநிறுத்தப்பட்டிருந்தது. எனவே பறப்பதெல்லாம் அனுமதி கிடைக்கும் தொலைவிடங்களில். வத்தளையில் நடப்பது கழற்றலும் துடைத்தலும் பூட்டலும் மட்டுமே. அப்படியொரு மாலையில்தான், “மாமா, எல்லாரும் ஒவ்வொரு பெயர் சொல்லுகினம். எந்தக் கிறீஸ்தான் நல்லது?” என்று கேட்டான்.

பத்திரிகைக்காரனிடம் ஏன் இதைக் கேட்க வேண்டும் என்று வாசகர் வினவலாம். இரவுப் பணியில் பல ஆண்டுகளை அச்சு இயந்திரத்தின் அருகே கழித்தவன் நான். இயந்திரம் நின்றால் பத்திரிகை இல்லை. உருளைகளின் பெயாரிங்குகளில் திருகாணிச் செலுத்தியின் முனையை வைத்து, அதன் கைப்பிடியைக் காதோடு ஒட்டி, உள்ளே உருளும் குண்டுகளின் ஓசையைக் கேட்கும் முதிய இயந்திர இயக்குநர் ஒருவர் எங்களிடம் இருந்தார். பெயாரிங்குக்கு வாய் உண்டு, கேட்பவனுக்குக் காது வேண்டும் என்பார். அவரிடம் கேட்டவையும், பின்னர் விமான விபத்து அறிக்கைகளை மொழிபெயர்க்கையில் படித்தவையும்தான் என் முதலீடு.

முதலில் கிறீஸ் என்பது என்ன என்பதைப் பார்ப்போம். அது கெட்டியாக்கப்பட்ட ஒரே பொருள் அன்று. அதன் பெரும்பங்கு எண்ணெய். அந்த எண்ணெயைப் பஞ்சு நீரை ஏந்துவதுபோல் ஏந்தி நிற்பது ஒருவகைச் சவர்க்காரம். இவற்றோடு துருவையும் தேய்வையும் தடுக்கும் சேர்மானங்கள் சிறிதளவு. பெயாரிங் சுழலும்போது பஞ்சிலிருந்து எண்ணெய் கசிந்து குண்டுக்கும் அதன் பாதைக்கும் இடையில் மெல்லிய படலமாகின்றது. உண்மையில் வேலை செய்வது அந்தப் படலமே. உருக்கு உருக்கைத் தொடாதிருக்கும் வரை பெயாரிங் வாழும்.

அந்தச் சவர்க்காரம் எதனால் ஆனது என்பதைக்கொண்டே கிறீஸுக்குப் பெயர் வைக்கின்றனர். கல்சியம் கிறீஸ் நீருக்கு அசையாது. ஆனால் அதன் பழைய வகை 100 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகி ஒழுகிவிடும். லிதியம் கிறீஸுக்கான காப்புரிமை 1942இல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஏர்ல் என்பவருக்கு வழங்கப்பட்டது. அது நீரையும் ஓரளவு தாங்கும், 180 பாகைக்கு மேல்தான் உருகும். இன்று கடைகளில் பரவலாகக் கிடைப்பது அதுவே. அந்த லிதியம் சவர்க்காரத்திற்கு வேண்டிய கொழுப்பமிலம் ஆமணக்கெண்ணெயிலிருந்து பெறப்படுகின்றது. ஆமணக்கை உலகில் ஆகக்கூடுதலாக விளைவிக்கும் நாடு இந்தியா. மாட்டுவண்டியின் அச்சில் பூசிய அதே எண்ணெய்தான், வேதியியல் உருமாற்றம் பெற்று மாதிரி ஹெலிகொப்டருக்குள்ளும் வந்து சேர்ந்திருக்கின்றது.

ரின்னின் மீது 2 என்றொரு இலக்கம் இருக்கும். அது தரத்தைக் குறிப்பதன்று, இறுக்கத்தையே குறிக்கின்றது. 25 பாகை வெப்பத்தில், முறைப்படி 60 தடவை பிசைந்த கிறீஸினுள் குறித்த எடையுள்ள கூம்பு ஒன்றை இறங்கவிடுவர். அது 26.5 முதல் 29.5 மில்லிமீற்றர் வரை இறங்கினால் இலக்கம் 2. இலக்கம் குறையக் குறைய இளக்கம் கூடும். இறுக்கம் ஒன்று, உள்ளேயுள்ள எண்ணெயின் பிசுக்குமை வேறொன்று. ஒரே இறுக்கமுள்ள இரு கிறீஸ்களில் ஒன்றினுள் தையல் இயந்திர எண்ணெய் போன்ற இலேசான எண்ணெயும் மற்றதனுள் தேன் போன்ற பிசுக்கான எண்ணெயும் இருக்கக்கூடும். விரலால் தொட்டுப் பார்த்து இதை அறிய முடியாது. ரின்னோடு வரும் விபரத்தாளில் 40 பாகை வெப்பத்துக்குரிய பிசுக்குமை எண்ணைப் பார்த்தே அறியவேண்டும்.

இனி ஹெலிகொப்டருக்கு வருவோம். அதனுள் இருக்கும் பெயாரிங்குகள் பார்வைக்கு ஒரே குடும்பம்தான். செய்யும் தொழிலோ ஒன்றுக்கொன்று நேர்மாறானது.

பிரதான சுழலியின் தலையில், தகட்டைப் பிடித்திருக்கும் பிடிகளுக்குள் உந்துவிசைப் பெயாரிங்குகள் இருக்கின்றன. தகடு வெளியே பறந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பதே அவற்றின் பணி. இந்த இழுவை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 190 கிராம் எடையுள்ள தகடு, அதன் நிறைமையம் சுழலச்சிலிருந்து 40 சென்ரிமீற்றர் தொலைவில், நிமிடத்திற்கு 2,000 சுற்று. விடை, 340 கிலோகிராம் எடை தொங்குவதற்குச் சமமான விசை. வளர்ந்த மனிதர் ஐவர் ஒரு தகட்டைப் பற்றித் தொங்குவதாக எண்ணிக்கொள்ளலாம். அவ்வளவு சுமையைத் தாங்கும் அந்தப் பெயாரிங், வேடிக்கை என்னவென்றால், முழுச் சுற்றுச் சுழல்வதே இல்லை. தகட்டின் கோணம் மாறும்போது சில பாகை முன்னும் பின்னும் ஆடுகின்றது. வினாடிக்கு 33 தடவை, அதே இடத்தில். குண்டுகள் அந்தச் சில பாகைக்குள்ளேயே கிடந்து எண்ணெயைப் பிதுக்கித் தள்ளிவிடுகின்றன. தள்ளப்பட்டது திரும்பி வர வாய்ப்புக் குறைவு. பாதையில் சிறு குழிகள் விழுகின்றன. இவ்விடத்துக்கு வேண்டியது பிசுக்கான எண்ணெயும் உயர் அழுத்தச் சேர்மானமும் உள்ள கிறீஸ். இறுக்கம் 2ஐத் தாண்டக்கூடாது, தாண்டினால் பிதுங்கியது ஒதுங்கியே கிடக்கும். எந்தக் கிறீஸாக இருந்தாலும் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும்.

வால் சுழலியின் தண்டில் நிலைமை வேறு. அங்கே சுமை குறைவு, வேகமோ பிரதான சுழலியைப் போல் நான்கைந்து மடங்கு, அதாவது நிமிடத்திற்கு 9,000 சுற்றையும் தாண்டும். மோட்டரின் பெயாரிங்குகள் அதனிலும் விரைவானவை. இங்கே பிசுக்கான கிறீஸை நிறைய அடைத்தால் குண்டுகள் அதைக் கடைந்துகொண்டே இருக்கும். மோருக்கு மத்து இட்டாற்போல் கடைந்து சூடாகி, எண்ணெய் பிரிந்து ஒழுகிப்போகும். இலேசான எண்ணெயுள்ள கிறீஸ், அதுவும் உள்ளே உள்ள வெற்றிடத்தின் மூன்றிலொரு பங்களவுக்கே. 5 மில்லிமீற்றர் உள்விட்டமும் 10 மில்லிமீற்றர் வெளிவிட்டமும் உடைய பெயாரிங்குக்கு இது கடுகு நான்கைந்தைச் சேர்த்தால் வரும் அளவு. அள்ளிப் பூசுவதைத் தாராளம் என்று நினைக்கும் நம் பழக்கம் இவ்விடத்தில் தீங்காக முடியும்.

மூன்றாவது ஒருவழிப் பெயாரிங். மோட்டர் நின்றுபோனாலும் சுழலி தன்போக்கில் சுழன்று இயந்திரத்தை மெல்லத் தரையிறக்குவதற்கு உதவுவது இது. ஒரு திசையில் தடையின்றிச் சுழலவும், மறு திசையில் உருளைகள் தண்டை இறுகக் கவ்வவும் வேண்டும். கவ்வுவதற்கு உராய்வு தேவை. போகலவிலும் கஹட்டகஹவிலும் வெட்டியெடுக்கப்படும், உலகப் புகழ் பெற்ற நம் நாட்டுக் காரீயம், அதாவது பென்சிற்கரி, சிறந்த மசகுப் பொருள். மொலிப்டினம் டைசல்பைட்டும் அவ்வாறே. ஆனால் இவை கலந்த கரிய கிறீஸை ஒருவழிப் பெயாரிங்கில் இட்டால் உருளைகள் கவ்வாமல் வழுக்கக்கூடும். அங்கு இலேசான எண்ணெய் ஒரு துளி போதும். தலையிலுள்ள றப்பர் வளையங்களுக்குச் சிலிக்கன் கிறீஸ். அதே சிலிக்கன் கிறீஸ், சுமை தாங்கும் உருக்குப் பெயாரிங்குக்குப் போதாது. ஆக ஒரே இயந்திரத்துக்குள் ‘நல்ல கிறீஸ்’ நான்கு இருக்கின்றது. எது நல்லது என்ற கேள்விக்கு ஒற்றைப் பெயரில் விடை தருபவர் எவராயினும், எந்தப் பெயாரிங் என்று கேட்காமலே விடை தருகின்றார்.

இத்தனைக்கும் ஒரு விளையாட்டு இயந்திரம்தானே என்று சிலர் நினைக்கலாம். 2013ஆம் ஆண்டு செப்டெம்பரில் நியூயோர்க் நகரின் புரூக்ளினில், பூங்காவொன்றில் மாதிரி ஹெலிகொப்டர் பறக்கவிட்டுக்கொண்டிருந்த 19 வயது இளைஞர் ஒருவர், அதன் தகடு தாக்கி அவ்விடத்திலேயே உயிரிழந்தார். அந்த மரணத்தை நான் கிறீஸோடு தொடர்புபடுத்தவில்லை. சுழலும் அந்தத் தகடு எத்தகையது என்பதைச் சொல்லவே குறிப்பிடுகின்றேன்.

கிறீஸோடும் பெயாரிங்கோடும் நேரடித் தொடர்புடைய விபத்து மெய்யான ஹெலிகொப்டர் ஒன்றுக்கு நேர்ந்தது. 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆம் திகதி, இங்கிலாந்தின் லெஸ்டர் நகர உதைபந்தாட்ட மைதானத்திலிருந்து எழுந்த ஏ.டபிள்யூ.169 ரக ஹெலிகொப்டர் சில நொடிகளில் தன்னைத்தானே சுற்றியபடி விழுந்தது. கழகத்தின் தாய்லாந்து உரிமையாளர் உட்பட அதிலிருந்த ஐவரும் உயிரிழந்தனர். பிரித்தானிய விமான விபத்து விசாரணைப் பிரிவு 2023 செப்டெம்பரில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. வால் சுழலியைக் கட்டுப்படுத்தும் இரட்டைப் பெயாரிங் இறுகிப்போனதே தொடக்கம். பெயாரிங்கின் மீது வந்த விசைகள் சேர்ந்து மசகுப் படலத்தைக் குலைக்கக்கூடிய அளவு அழுத்தத்தை உண்டாக்கின என்றும், அப்போது குண்டுகள் உருளாமல் பாதையில் வழுக்கித் தேய நேரும் என்றும் அறிக்கை விளக்கியது. பறப்புச் சோதனைகளில் அளந்த சுமைகள் பெயாரிங்கைச் செய்தவர்களுக்கு அறிவிக்கப்படவில்லை என்பதும், அறிவிக்குமாறு எந்த விதியும் அன்று கோரவில்லை என்பதும் அறிக்கையில் உள்ளன.

சுழலாத கோல் ஒன்று, சுழலும் சுழலியைத் தள்ளி அதன் கோணத்தை மாற்ற வேண்டும். இடையில் நிற்பது அந்தப் பெயாரிங். மாதிரி ஹெலிகொப்டரின் வாலிலும் இதே ஏற்பாடு இருக்கின்றது, கட்டைவிரல் நுனியளவில். அது இறுகினால் அங்கும் நேர்வது இதுவே. வால் கட்டுப்பாட்டை இழந்து இயந்திரம் சுழலத் தொடங்கும். கீழே யார் நிற்கின்றார்கள் என்பது அதற்குத் தெரியாது.

கையேடுகள் இவற்றுட் பலவற்றைக் கூறுகின்றன. ஆனால் நாங்கள் இருக்குமிடத்தை அவை அறியா. வத்தளைக்கு மேற்கே கடல், தெற்கே களனி கங்கை, வடக்கே முத்துராஜவெல சதுப்பு நிலம், ஊடாக ஹமில்டன் கால்வாய். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் யன்னல் கம்பியில் கைவைத்தால் உப்புப் பிசுபிசுக்கும். காற்றின் ஈரப்பதம் காலையில் 80 சதவீதத்திற்கு மேல். பெயாரிங்குகளுக்கான வழக்கமான குரோமிய உருக்கில் குரோமியம் ஏறத்தாழ ஒன்றரைச் சதவீதமே. துருப்பிடியாத உருக்காவதற்கு அது போதாது. இயந்திரம் பறந்து சூடாகி வந்து ஆறும்போது, கவசத்தின் இடுக்கு வழியே ஈரக்காற்றை உள்ளிழுக்கின்றது. ஆகவே இத்தனை பறப்புகளுக்கு ஒருமுறை என்று கையேடு தரும் கணக்கு, பறக்காமல் அலுமாரியில் மூன்று மாதம் கிடந்த இயந்திரத்துக்குப் பொருந்தாது. மருமகனின் வால் பெயாரிங் ஒன்றைத் திறந்தபோது உள்ளே இருந்த கிறீஸ் செங்கபில நிறமாயிருந்தது. அது துரு. பாற்தேநீர் நிறமானால் நீர் கலந்திருக்கின்றது. கறுத்திருந்தால் எண்ணெய் முதிர்ந்திருக்கலாம், அல்லது உருக்கு தேய்ந்திருக்கலாம். நிறத்தைப் பார்த்தே பாதி நோயை அறியலாம்.

இந்த நோய்க்கு மருந்து அயலிலேயே இருந்தது. திக்கோவிட்டவிலிருந்து நீர்கொழும்பு வரை கடற்றொழில் செய்பவர்கள் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களுக்கு உப்புநீரைத் தாங்கும் கிறீஸ் பூசுகின்றனர். கல்சியம் சல்பனேற்று வகையைச் சேர்ந்தவை துருவைத் தடுப்பதிலும் சுமை தாங்குவதிலும் சிறந்தவை. அதிவேக மோட்டர்ப் பெயாரிங்குக்கு அது பொருந்தாது. மெல்ல ஆடிச் சுமை தாங்கும் தலைப் பெயாரிங்குகளுக்கு, எங்கள் கடலோரத்தில், நான் அறிந்தவரை அதுவே தகும். 2022ஆம் ஆண்டு டொலர் தட்டுப்பாட்டில் வெளிநாட்டிலிருந்து சிறு குப்பி ஒன்றை வருவிப்பதுகூடப் பெரும்பாடாயிருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். பெயரைத் தேடுபவன் அத்தகைய காலத்தில் கைகட்டி நிற்பான். குணத்தை அறிந்தவன் ஊர்க்கடையில் வாங்கிக்கொள்வான்.

ஆனால் புதியதை இடுவதற்கு முன் பழையதை முற்றாக நீக்க வேண்டும். லிதியமும், மோட்டர்களில் காணப்படும் பொலியூரியாவும் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை. கலந்தால் இளகி நீராய் ஒழுகலாம். தனித்தனியே நல்லவையான இரண்டு சேர்ந்து கெட்டதாகும் விந்தை இது. கழுவியபின் நன்றாக உலர்த்தவும் வேண்டும். டபிள்யூ.டி.40ஐத் தெளித்துவிட்டால் எல்லாம் ஆயிற்று என்று நினைப்போர் பலர். 1953இல் அமெரிக்காவில் ஈரத்தை விலக்குவதற்காக உருவாக்கப்பட்ட தெளிப்பு அது. உள்ளிருக்கும் கிறீஸைக் கரைத்து வெளியேற்றிவிட்டு, அதனிடத்தில் நிலைத்து நிற்காது.

கிறீஸ் கலப்புப் பற்றிய ஐயம் பெரிய விமான விபத்து ஒன்றின் விசாரணையிலும் எழுந்தது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி அலாஸ்கா எயார்லைன்ஸின் 261ஆம் இலக்க விமானம் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் கடலில் வீழ்ந்து 88 பேர் பலியாகினர். வாற்பகுதியின் கிடைத்தளத்தை அசைக்கும் பெரிய திருகாணி செல்லும் நட்டின் புரிகள் தேய்ந்தழிந்திருந்தன. அந்நிறுவனம் அதற்கு முன்னர் கிறீஸின் வகையை மாற்றியிருந்ததால், புதியதும் பழையதும் கலந்ததுதான் காரணமோ என்று விசாரணையாளர் ஆராய்ந்தனர். அது காரணமன்று என்பதே முடிவு. போதிய மசகிடாமையே காரணம். மசகிடும் இடைவெளி ஆண்டுக்காண்டு நீட்டப்பட்டு வந்திருந்தது. விபத்தின்போது புரிகளில் பயன்தரக்கூடிய கிறீஸ் இருக்கவில்லை.

செய்தியாளனுக்கு முதலாவதாகக் கற்பிக்கப்படுவது யார், என்ன, எப்போது, எங்கே, ஏன் என்ற கேள்விகள். கிறீஸைப்பற்றிப் பேசுவோர் அனைவரும் ‘என்ன’ என்பதோடு நின்றுவிடுகின்றனர். 261ஆம் இலக்க விமானத்தில் கேட்கப்படாத கேள்வி ‘எப்போது’. லெஸ்டரில் கேட்கப்படாதது ‘எவ்வளவு சுமை’. எங்கள் கடற்கரையில் கேட்க வேண்டியது ‘எங்கே’. இவற்றுக்கு விடை தெரிந்தபின் ‘என்ன கிறீஸ்’ என்பது மிகச் சிறிய கேள்வியாகிவிடும். சுமையும் வேகமும் ஈரமும் அறிந்தவன் நடுத்தர விலையுள்ள ரின் ஒன்றைக்கொண்டே நிறைவாகச் செய்துவிடுவான்.

மருமகனுக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஒற்றைக்கோட்டு அப்பியாசக் கொப்பி ஒன்று. அச்சுக்கூடத்து முதியவர் வைத்திருந்ததும் அத்தகையதே. எந்தப் பெயாரிங், எந்தத் திகதி, பழைய கிறீஸின் நிறம், புதிதாக இட்டது என்ன என்று நான்கு நிரல்கள். ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் வால் சுழலியைக் கையால் மெல்லச் சுழற்றி, மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தால் அன்று பறப்பதில்லை என்பது அவன் தானாகவே வகுத்துக்கொண்ட விதி. அத்தகைய பெயாரிங்குக்குக் கிறீஸ் இட்டுப் பயனில்லை, மாற்றிவிட வேண்டும். புதிய ஒன்றின் விலை, சுழலும் தகட்டருகே நிற்கும் ஒருவரின் கண்ணுக்கோ கழுத்துக்கோ ஈடாகாது. கொப்பியின் முதற் பக்கத்தில் இப்போது ஏழு வரிகள் நிரம்பியிருக்கின்றன. மூன்றாம் வரியில் உள்ள பெயாரிங் அடுத்த மாதம் மீண்டும் திறக்கப்பட வேண்டும்.